முல்லைக் குழலும் தில்லைப் பொற்சுண்ணமும்

ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியே யாழும் பண்ணும் பறையும் வகுத்து வைத்தவர்கள் நம் முன்னோர். முல்லைக்கு ஏறுகோட்பறையும் சாதாரிப் பண்ணும் உரியன என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். நிலத்தின் இயல்பு இசையில் வந்து படியும் என்னும் இக்கருத்தை, நம் இலக்கணத்தைக் கனவிலும் கண்டிராத ஆங்கில இளைஞர் சிலர், மின்கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டே மெய்ப்பித்துக் காட்டினர் என்று சொன்னால் வாசகர் வியப்படையக்கூடும். 1969 முதல் 1978 வரை இங்கிலாந்தில் வெளிவந்த சில இசைத்தட்டுகளைப் பற்றியும், அவற்றைக் கேட்டுப் பழகிய செவியோடு நம் சிதம்பரத்தின் பக்கம் திரும்பும்போது எழுகின்ற சில கேள்விகளைப் பற்றியும் இங்கு எழுத விழைகிறேன்.

ராக் இசை என்றாலே நம் இல்லங்களில் பெற்றோர் முகம் சுளிப்பர். காது செவிடாகும் கூச்சல், நீண்ட தலைமயிர், ஒழுங்கற்ற வாழ்க்கை என்பனவே அவர்கள் மனத்தில் எழும் படங்கள். அப்படங்கள் முற்றிலும் பொய்யானவை என்று நான் வாதிடப்போவதில்லை. ஆனால் அப்பெருவெள்ளத்தின் ஓரத்தில் ஒரு சிற்றோடையும் ஓடியது. ‘புரோகிரசிவ் ராக்’ என்று பெயர் பெற்ற அவ்வகையில், மூன்று மணித்துளிப் பாடல் என்னும் வணிக அளவு உடைக்கப்பட்டது. ஒரு பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சில வேளைகளில் இரு பக்கங்களையும் எடுத்துக்கொண்டது. புல்லாங்குழலும் பன்னிரு நரம்புக் கித்தாரும் ஆலய ஆர்கனை நினைவூட்டும் விசைப்பலகையும் அதில் இடம்பெற்றன. கடலூர்ப் பகுதிக்கு இத்தகைய இசை ஒலிநாடாக் காலத்தில் மிக மெதுவாகவே வந்து சேர்ந்தது. வெளியூரில் படிக்கச் சென்ற பிள்ளைகள் விடுமுறைக்குத் திரும்பும்போது பையில் கொண்டுவந்தால்தான் உண்டு. இன்று கைபேசியில் எதையும் கேட்கலாம். கிடைப்பது எளிதாகிவிட்டதே தவிர, முழுவதும் உட்கார்ந்து கேட்பது எளிதாகிவிடவில்லை.

இவ்விசைக்குழுக்களில் ஒன்றின் பெயர் ‘ஜெனிசிஸ்’. ஆம், தொடக்க நூலின் பெயரேதான். 1969இல் வெளிவந்த இவர்களின் முதல் தட்டுக்கு ‘தொடக்க நூலிலிருந்து திருவெளிப்பாடு வரை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்ட, கடைக்காரர்கள் அதனைச் சமயப் பாடல்களோடு அடுக்கி வைத்துவிட்டார்கள் என்றும், அதனால் விற்பனை கெட்டது என்றும் சொல்வதுண்டு. 1970இல் வந்த ‘டிரஸ்பாஸ்’ என்னும் இரண்டாவது தட்டில்தான் இவர்கள் தம் குரலைக் கண்டடைந்தார்கள். அதில் கித்தார் நரம்புகள் ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து, அதிகாலைப் பனி புல்வெளியில் கிடப்பதுபோல் கிடக்கின்றன; பிறகு திடீரென இடி இடிக்கிறது. 1972இல் வெளிவந்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டில் ஏறத்தாழ 23 மணித்துளிகள் ஓடும் ‘சப்பர்ஸ் ரெடி’ என்னும் பாடல், ஓர் எளிய வீட்டின் அறையில் தொடங்கி, போரையும் பூவயலையும் கடந்து, திருவெளிப்பாட்டு நூலின் புதிய எருசலேமில் சென்று முடிகிறது. யோவானின் காட்சிகளை இவ்வளவு விளையாட்டாகவும் இவ்வளவு அச்சத்தோடும் ஒருங்கே கையாண்ட வேறொரு வெகுமக்கள் பாடலை நான் கேட்டதில்லை. விளையாட்டு சில இடங்களில் எல்லை மீறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்விளைஞர்களுக்கு நாட்டுப்புறத்தின் மணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஜெனிசிஸ் குழுவைத் தொடங்கியவர்கள் ‘சார்ட்டர்ஹவுஸ்’ என்னும் செல்வர் பள்ளியில் பயின்றவர்கள். விடை அப்பள்ளியின் சிற்றாலயத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1903இல் செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர், சாமர்செட் பகுதியின் ஹேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், தம் நண்பரான பங்குக் குருவின் இல்லத்தில் தங்கியிருந்தார். அங்கே தோட்ட வேலை செய்த ஜான் இங்கிலாந்து என்பவர் வேலையினூடே ஒரு பழம்பாடலைப் பாடக் கேட்டு, அதனை உடனே எழுதிக்கொண்டார். அன்று தொடங்கிய தொகுப்புப் பணியில் ஷார்ப் பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேர்த்தார். அதே ஆண்டு ரால்ஃப் வான் வில்லியம்ஸ் என்னும் இசையமைப்பாளரும் இப்பணியில் இறங்கினார். இவர் செய்த வேலையைத்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். 1906இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபைப் பாடல் நூலுக்கு இசைப் பதிப்பாசிரியராக அமர்ந்த அவர், வயலில் கேட்ட மெட்டுகளைத் திருப்பாடல்களுக்குப் பொருத்தினார். பெத்லகேம் சிற்றூரைப் பற்றிய புகழ்பெற்ற கிறிஸ்து பிறப்புப் பாடல் இங்கிலாந்தில் இன்றும் பாடப்படும் மெட்டு, ஓர் உழவுச் சிறுவனின் கனவைப் பற்றிய நாட்டுப்பாடலின் மெட்டே ஆகும். அதனை அவர் கேட்ட சிற்றூரின் பெயரே அம்மெட்டுக்கும் பெயராயிற்று: ‘ஃபாரஸ்ட் கிரீன்’.

அந்த வான் வில்லியம்ஸ் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர். இரு தலைமுறைகளுக்குப் பின் அதே பள்ளியின் சிற்றாலயத்தில் நின்று பாடிய சிறுவர்கள்தாம் ஜெனிசிஸ் குழுவினர். இவர்களுடைய இசையின் இணைப்பொலிகளில் ஆலயப் பாடலின் நடை தெளிவாகக் கேட்கிறது. ஆக, தோட்டக்காரரின் வாயிலிருந்து தொகுப்பாளரின் ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து ஆலயத்துக்கும், ஆலயத்திலிருந்து மின்கித்தாருக்கும் மெட்டு நடந்து சென்றிருக்கிறது. இவ்வழியில் ஆலயம் ஒரு கண்ணியாக இருந்தது என்பது, பாடற்குழுவில் பாடுகிற நம் வாசகர்கள் சற்று நின்று நினைக்கத் தக்க செய்தி.

ஆலயத்தின் வழியாக அன்றி நேராகவே நாட்டுப்பாடலிடம் சென்றவர்களும் உண்டு. ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழுவினர் 1969 மே மாதத்தில் ஒரு நிகழ்ச்சி முடித்து வண்டியில் திரும்புகையில் நெடுஞ்சாலை விபத்துக்கு உள்ளாயினர். 19 வயதே நிரம்பிய அவர்களின் முழவுக் கலைஞர் மாண்டார். எஞ்சியவர்கள் ஹேம்ப்ஷயர் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் ஒதுங்கித் தங்கி, பழைய கதைப்பாடல்களை எடுத்துப் பயின்றார்கள். அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’ தட்டில் சாண்டி டென்னி என்னும் பெண்மணியின் குரல் அப்பாடல்களைத் தாங்கி நிற்கிறது. கொலையும் பிரிவும் மாயமும் நிறைந்த கதைகளை அவர் உணர்ச்சியைக் கொட்டாமல், செய்தி சொல்வதுபோல் பாடுகிறார். துயரத்திலிருந்து பிறந்த தட்டு என்பதை அறியாமல் கேட்டாலும் அதன் அடக்கம் நம்மைத் தொடும்.

இவர்களின் உறவினர் எனத்தக்க ‘ஸ்டீலை ஸ்பான்’ குழு, 1582இல் அச்சான ஒரு பழந்தொகுப்பிலிருந்து ‘கௌதேத்தே’ என்னும் இலத்தீன் கிறிஸ்து பிறப்புப் பாடலை எடுத்து, பக்க இசை ஏதுமின்றி வாய்ப்பாட்டாகவே பாடியது. 1973 திசம்பரில் அது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்துக்கு ஏறியது. நம் ஆலயங்களில் இலத்தீன் ஓய்ந்து, ‘திருவருகைக் காலத்து மகிழ்ச்சி ஞாயிறு’ என்னும் தமிழ்ப் பெயர் நிலைத்துவிட்ட காலத்தில், அங்கே கடைத்தெருவில் இலத்தீன் ஒலித்திருக்கிறது!

மைக் ஓல்ட்ஃபீல்டு தாம் ஒருவராகவே பெரும்பாலான கருவிகளை வாசித்து உருவாக்கிய தட்டுகளுள் 1975இன் ‘ஒம்மடான்’ எனக்கு உவப்பானது. 1973இன் ‘டியூபுலர் பெல்ஸ்’ புகழுக்கு ஏற்ற ஆழம் உடையதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ‘ஜெத்ரோ டல்’ குழுவின் 1977, 1978ஆம் ஆண்டுத் தட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குழலூதும் இயன் ஆண்டர்சன் நாட்டுப்புறத்தில் குடியேறிய பின் எழுதியவை அவை. முந்தையதான ‘சாங்ஸ் ஃப்ரம் த வுட்’ காட்டின் கொண்டாட்டம். கேட்க இனியது, கொஞ்சம் நாடக மேடைத் திரைச்சீலையும் கூட. அடுத்து வந்த ‘ஹெவி ஹார்சஸ்’ தட்டின் தலைப்புப் பாடலோ ஏர் உழுத பெருங்குதிரைகளைப் பற்றியது. டிராக்டர் வந்ததால் வேலையிழந்து அருகிப்போன அந்தக் குதிரை இனங்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பாடுகிறார். இந்த முழு வகையிலும் ஏரின் பாரத்தையும் உழைப்பின் வியர்வையையும் நான் உணர்ந்தது இந்த ஒரே இடத்தில்தான்.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. இந்த இசையில் புல்வெளி உண்டு, குளம் உண்டு, மாலை வெயில் உண்டு. அறுவடை செய்கிறவர் யார்? கூலி எவ்வளவு? அக்கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. பாட்டைப் பாடிய தோட்டக்காரர் பாட்டுக்குள் வரவேயில்லை. ஜெனிசிஸ் குழுவினரின் 1973ஆம் ஆண்டுத் தட்டு, இங்கிலாந்தைப் பவுண்டு கணக்கில் விற்பதைப் பற்றிய தலைப்பைக் கொண்டது. தம் நாடு கடைச்சரக்காகிவிட்டது என்னும் ஏக்கம் அதில் உண்டு. கடலூரில் இருந்துகொண்டு அத்தலைப்பைப் படிக்கும்போது வேறொரு நினைவு வருகிறது. 1690இல் கும்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கே என்று எடுத்துக்கொண்டார்கள். ‘குண்டு’ என்னும் சொல்லை இன்னும் பெயரில் சுமக்கும் சிற்றூர் இங்கே உண்டு. நாடு விலைபோவதைப் பற்றி இவ்வூர்க்காரர்கள் பாடத் தொடங்கினால் அந்தப் பாட்டு அவ்வளவு மென்மையாக இராது.

நாட்டுப்புறத்தைப் பாடுகிறவன் அதில் உழைத்தவனா, அதனைப் பலகணி வழியே பார்த்தவனா என்னும் கேள்வி நமக்கும் புதிதன்று. கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்து தில்லையைக் காணத் துடித்த நந்தனின் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைநாடகமாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை அவர் அதில் புகுத்தினார். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று அந்த வேதியர் சொல்வதாக அமைந்த காட்சியில், நிலமும் கூலியும் கடவுளும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. சிந்தும் நொண்டிச்சிந்துமாக, தெருவில் கேட்ட மெட்டுகளையும் இராகங்களையும் அவர் தயங்காமல் கலந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலின் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பின்னர் அவரே பாடக் கேட்டு உருகிப் பாயிரம் வழங்கியதையும் உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். நாட்டு மெட்டு புலமையின் வாயிலில் நிற்க வைக்கப்பட்டதும், பிறகு கதவு திறந்ததும், நந்தன் கதையே நூலுக்கும் நேர்ந்தது போல் இருக்கிறது.

நம் காலத்தில் இத்தகைய நெடும் இசை ஆக்கத்துக்குத் தமிழில் ஒருவரைச் சுட்டுவதாயின் அவர் இளையராஜாவே ஆவார். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் அவர். ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976இல்; ஜெத்ரோ டல் குழுவினர் காட்டுப் பாடல்களைப் பாடியது 1977இல். ஏறத்தாழ ஒரே வேளையில் இரு நாடுகளிலும் வயல்வெளி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஆனால் அங்கே கலைஞருக்கு ஒரு தட்டின் இரு பக்கங்கள் கிடைத்தன. இங்கே கிடைத்ததோ ஒரு திரைப்பாடலும் அதன் இடையிசையும். அந்த இடையிசையின் சில விநாடிகளுக்குள் குழலையும் வயலின் கூட்டத்தையும் வைத்து அவர் எழுப்பிய முல்லை நிலங்கள் எத்தனை! கதாநாயகி ஓடி முடிப்பதற்குள் அவையும் முடிந்துவிடும்.

திரைக்கு வெளியே அவர் தந்த முதல் தட்டு 1986இன் ‘ஹவ் டு நேம் இட்?’. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். பாக்கின் தனி வயலின் இசைத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனோடு நம் முறையில் உரையாடும் பகுதி இன்றும் புதிதாகவே கேட்கிறது. ஆயினும் அதனை நாட்டுப்புற மணம் கமழும் தட்டு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதற்கில்லை. அங்கே நடப்பது இரண்டு செவ்வியல் மரபுகளின் சந்திப்பு. பண்ணைப்புரம் வாசலில் செருப்போடு நின்று எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலைக் கொண்டு அமைத்த ‘நத்திங் பட் விண்ட்’ முல்லைக்கு இன்னும் அணுக்கமானது. ஆனால் அக்குழல் கங்கைச் சமவெளியின் குழல். நம் இடையனின் குழலுக்கு உரிய கரகரப்பு அதில் இல்லை.

2005 சூன் 30 அன்று வெளியிடப்பட்ட ‘திருவாசகம்’ முற்றிலும் வேறு முயற்சி. புடாபெஸ்ட் நகரின் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, இளையராஜா பாட, ஆறு பகுதிகளாக அமைந்தது. இதனை முன்னின்று நிறைவேற்றியவர் ஒரு கத்தோலிக்கக் குரு, ‘தமிழ் மையம்’ நிறுவிய அருட்தந்தை ஜெகத் கஸ்பார் ராஜ். மணிலாவில் வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியை நடத்தியவர் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. ஆங்கில வரிகளை எழுதியவர் மத்தேயு நற்செய்தியை மேடை இசையாக்கிய ‘காட்ஸ்பெல்’ புகழ் ஸ்டீபன் ஷுவார்ட்ஸ். 1900இல், தம் 80ஆம் வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பையருக்குப் பின் கிறிஸ்தவக் கரம் ஒன்று அந்நூலைத் தாங்கிய நிகழ்ச்சி இது. இவ்வடிவத்துக்கு ‘ஓரட்டோரியோ’ என்று பெயர். உரோமையில் புனித பிலிப்பு நேரியார் மக்களைக் கூட்டிச் செபித்த கூடத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மாணிக்கவாசகர் அக்கூடத்துக்குள் வந்து அமர்ந்திருக்கிறார்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். எடுத்தாளப்பட்ட ஆறு பகுதிகளில் யாத்திரைப் பத்து, திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய நான்கும் தில்லையில் அருளப்பட்டவை என்பது மரபு. அவற்றுள்ளும் கோத்தும்பியும் பொற்சுண்ணமும் மகளிர் விளையாட்டையும் வேலையையும் ஒட்டிய பாட்டு வடிவங்கள். அம்மானை, ஊசல், உந்தி, சாழல், தெள்ளேணம் என்று திருவாசகம் நெடுகிலும் இத்தகைய வடிவங்கள் நிறைந்துள்ளன. உரலில் உலக்கை விழும் ஓசைக்குப் பாடும் பாட்டைப் பழந்தமிழர் வள்ளை என்றனர். இறைவன் நீராட நறுமணப் பொடி இடிக்கும் பெண்களின் பாட்டாகப் பொற்சுண்ணத்தை அமைத்தபோது, வான் வில்லியம்ஸ் செய்த வேலையை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மாணிக்கவாசகர் செய்துவிட்டார். ஒரு வேறுபாடு: இவர் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. உலக்கை பிடித்த பெண்களையும் உலக்கையையும் சேர்த்தே ஆலயத்துக்குள் அழைத்துவந்தார். பாட்டில் அவர்கள் பேசுகிறார்கள். ஒருவரையொருவர் வேலைக்கு ஏவுகிறார்கள்.

இளையராஜாவின் ஆக்கம் இதற்கு எவ்வளவு ஈடுகொடுக்கிறது? சிவபுராணத்திலிருந்து எடுத்த நெடும் பகுதியில், தன் சிறுமையை அறிக்கையிடும் தமிழ் வரிகளுக்கு ஆங்கிலக் குரல்கள் மறுமொழி தருகின்றன. அமைப்பு நம் திருவழிபாட்டுப் பதிலுரைப் பாடலை ஒத்தது. எண்ணம் சிறந்தது; பயன் முழுமையாக இல்லை. தமிழில் கசிகின்ற இடம் ஆங்கிலத்தில் மேடை விளக்கொளியில் நின்று பேசுகிறது. யாத்திரைப் பத்தின் தொடக்கத்தில் இசைக்குழு எழும்பும் இடங்களில் ஒலியின் பெருக்கம் சொல்லை மூடிவிடுகிறது என்பதும் என் கருத்து. இதற்கு மாறாக, இசைக்குழு ஒதுங்கி அவர் குரல் தனித்து நிற்கும் இடங்களில், பயிற்சியால் மெருகேற்றப்படாத அந்தத் தெற்கத்திக் குரல் எத்தனை வயலின்களாலும் சொல்ல முடியாததைச் சொல்கிறது. ஜெனிசிஸ் குழுவுக்குக் கிடைக்காதது அது. அவர்கள் நாட்டுப்புறத்தைக் கேட்டு அறிந்தவர்கள். இவர் அங்கிருந்து நடந்து வந்தவர்.

1963 திசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டின் 119ஆம் எண்ணில், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபுகளுக்கு உரிய மதிப்பு தரவேண்டும் என்று கூறியது. நம் ஆலயங்களில் கருநாடக இராகங்கள் நுழைந்தன, நல்லதே. பறையும் சிந்தும் சில பங்குகளில் நுழைந்தன; அதற்கு முணுமுணுப்பும் எழுந்தது. அது சாவு வீட்டு மேளம் ஆயிற்றே என்றவர்கள், சொல்லாமல் விட்டது அதை அடிப்பவரின் தெருவைப் பற்றி. பெரும்பாலான பங்குகளில் இன்று நுழைந்திருப்பது விசைப்பலகைக் கருவி. அதற்குள் தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்பப்பட்ட தாளம். பொத்தானை அழுத்தினால் போதும். புவனகிரியிலும் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலும் வீராணத்து நீர் பாயும் வயல்களில் நடவு நட்ட பெண்கள் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் முழந்தாளிடுகிறார்கள். ஹேம்பிரிட்ஜ் பங்குக் குருவின் தோட்டத்தில் நடந்தது நம் பங்கு இல்லங்களின் தோட்டங்களில் நடந்ததாக நான் அறிந்ததில்லை.

‘திருவாசகம்’ ஒலித்தட்டின் பொற்சுண்ணப் பகுதியைச் சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், அரிசி ஆலை வருமுன் நெல் குத்திய காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒருவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார்; யார் பாடுவது என்று கேட்டார். பிறகு, ஓர் உரலில் இரண்டு பேர் குத்தினால் உலக்கைகள் மாறி மாறி விழவேண்டும், இதில் எல்லாரும் சேர்ந்து ஒரே குத்தாகக் குத்துகிறார்களே, உலக்கை மோதிக்கொள்ளாதா என்றார். தரையில் உட்கார்ந்தபடியே தம் இரு கைகளாலும் அந்தத் தாளத்தைத் தட்டியும் காட்டினார்.